ஏப்ரல் தோறும் கேஸ். ஓட்டையைத் தேடியவர் யார்?

வாசகி எழுதியது

சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்குக் காலை நடையாகவே போய்வரும் தூரத்தில் குடியிருக்கிறார் இந்த வாசகி. வயது 58. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். 84 வயது மாமியார் படுத்திருக்கும் அறையில், 2019-ல் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏ.சி. ஓடுகிறது. முதல் நான்கு கோடை எந்தத் தொந்தரவும் இல்லை. 2023 ஏப்ரலில் அறை குளிரவில்லை. எட்டு ஆண்டுகளாக வீட்டுக்கு வந்துபோகும் மெக்கானிக் தம்பி, "கேஸ் தீர்ந்துவிட்டது அம்மா" என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போனார், 3,200 ரூபாய். 2024 ஏப்ரலில் மறுபடியும், 3,500. 2025 ஏப்ரல் கடைசியில் 3,800. இந்த முறை நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை.

இப்போது பால்கனியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் மெல்லிய குழாயில் வெள்ளையாகப் பனி படிகிறது. உள்ளே கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் சொட்டுகிறது. கீழே ஒரு தூக்குச்சட்டி வைத்திருக்கிறார்கள். ரிமோட்டில் 16 வைத்தும் பலனில்லை, மின் கட்டணம் மட்டும் ஏறிவிட்டது. "கம்ப்ரெஸர் வீக் ஆகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார் மெக்கானிக். "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், இரண்டு டன்னாக வாங்குங்கள்" என்கிறார் மருமகன். ஆண்டுக்கொரு முறை கேஸ் நிரப்புவது வழக்கம்தானா, சொட்டுவது கேஸ் உருகிய தண்ணீரா, அது மாமியாருக்கு ஆபத்தா, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா, புதிது வாங்குவதா? இவைதான் அவருடைய கேள்விகள்.

ஏ.சி. பொறியாளரின் பதில்

அம்மா, நான்கு பக்கக் கடிதத்தைவிட, கூடவே நீங்கள் அனுப்பிய இரண்டு படங்கள்தான் எனக்கு அதிகம் சொல்லின. ஒன்று, அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகவல் ஸ்டிக்கர். இன்னொன்று, பனி படிந்த அந்த மெல்லிய குழாய். அவற்றுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை: இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் அந்த ஏ.சி.யை நிறுத்தி, சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். உள்ளேயிருந்து திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான், அந்தக் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரெஸரின் மோட்டாரைச் சூடேறாமல் காக்கிறது. கேஸ் குறைந்த நிலையில், அதுவும் 16-ல் வைத்து இரவு முழுக்க ஓடவிட்டால், நல்ல கம்ப்ரெஸரும் கருகிவிடும். மெக்கானிக் சொன்ன "வீக் கம்ப்ரெஸர்" இன்று பொய்யாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் உண்மையாகிவிடலாம்.

கேஸ் பெட்ரோல் அல்ல

ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போடுவதுபோல ஏ.சி.க்கு ஆண்டுதோறும் கேஸ் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் பாதி வீடுகள் நம்புகின்றன. நம்பவைத்தவர்கள் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். பெட்ரோல் எரிந்து தீர்வது. ஏ.சி.யில் இருக்கும் கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய காப்பர் குழாய்க்குள் அது திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறையின் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டுத் திரும்புகிறது. ஓட்டை இல்லாத இயந்திரத்தில் தொழிற்சாலையில் அடைத்த கேஸே கடைசிவரைக்கும் போதும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தனை முறை கேஸ் போட்டிருக்கிறீர்கள்? இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்.

ஆகவே "கேஸ் தீர்ந்துவிட்டது" என்ற வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான்: எங்கோ ஒழுகுகிறது. உங்கள் கடிதத்தில் மூன்று முறை பணம் கொடுத்த கதை இருக்கிறது. ஓட்டையைத் தேடினார் என்று ஒரு வரிகூட இல்லை. "பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார், கெட்டிக்காரர்" என்று பாராட்டியிருக்கிறீர்கள்! அந்தப் பதினைந்து நிமிடம்தான் குற்றச்சாட்டு. முதல் ஏற்றம் ஓராண்டு தாங்கியது, இரண்டாவதும் ஓராண்டு, மூன்றாவது நாற்பது நாள். ஓட்டை பெரிதாகியிருக்கிறது, அல்லது கடைசியாக ஏற்றியபோது புதிதாக ஒரு கசிவு உண்டாகியிருக்கிறது.

அந்தத் தம்பியை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். கசிவு தேட அரை நாள் வேண்டும். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குபவருக்கு அந்த அரை நாள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், "ஒன்றும் மாட்டவில்லை, சும்மா பார்த்ததற்கு ஆயிரமா?" என்று கேட்கும் வீடுகளே அதிகம். கேஸுக்கு விலை இருக்கிறது, தேடுவதற்குக் கூலி இல்லை. விலை உள்ளது விற்கப்படுகிறது.

பனி சொல்லும் சேதி

இன்றைய ஸ்பிளிட் ஏ.சி.க்களில் பெரும்பாலும் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக உள்ளே போகும், தடித்த குழாய் வழியாகத் திரும்பி வரும். பனி மெல்லிய குழாயின் நட்டை ஒட்டிப் படிந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. தடித்த குழாயில் படிந்தால் முதலில் உள்ளே ஃபில்டரையும், காற்று பட்டுக் குளிரும் குழாய்ச் சுருளான காயிலையும் பாருங்கள். தூசி அடைத்துக் காற்று போகாமல் இருக்கும். உங்கள் படத்தில் தடித்த குழாயில் துளி பனி இல்லை. மெல்லிய குழாயில் மட்டும், நட்டிலிருந்து நான்கு விரற்கடை நீளத்துக்கு, பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீஸர் சுவர்போல வெள்ளை. ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னது சரி. அதற்கு அவர் செய்த வைத்தியம்தான் சரியில்லை.

தண்ணீர் வேறு விஷயம். சொட்டுவது கேஸ் அல்ல. கேஸ் வெளியே வந்தால் காற்றோடு கலந்துவிடும், நீராகச் சொட்டாது. அது உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம். மோர் ஊற்றிய செம்பின் வெளியே வியர்ப்பதுபோல, குளிர்ந்த காயிலில் பட்டு நீராகிறது. கடற்கரை ஓரத்துப் புழுக்கத்தில் ஒன்றரை டன் இயந்திரம் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே பிழிந்துவிடும். வழக்கமாக அது ட்ரேயில் விழுந்து குழாய் வழியே வெளியேறும். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதி மட்டும் உறைந்து, ஏ.சி. நின்றதும் அந்தப் பனி மொத்தமாக உருகி ட்ரேக்கு வெளியே வழியும். தண்ணீர் வெளியேறும் அந்தக் குழாயில் பாசி பிடித்திருந்தாலும் இதே சொட்டுதான். அந்தக் குழாயின் நுனி பால்கனியில் ஒரு பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பது படத்தின் ஓரத்தில் தெரிகிறது. நுனி தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டம் தடைப்படும். (அந்தத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் காயிலின் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வந்த நீர் அது. செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள்.)

மாமியாருக்கு ஆபத்தா?

ஸ்டிக்கரில் கேஸின் வகை ஆர்-32 என்றும் அளவு 0.82 கிலோ என்றும் இருக்கிறது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வகை. நிறமோ மணமோ கிடையாது. முக்கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கேஸ், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது, கதவு திறந்து மூடும் அறையில் பெரியவருக்குக் கெடுதல் செய்யும் அளவு அல்ல. நிம்மதியாக இருங்கள். கவனம் தேவைப்படுவது பழுது பார்க்கும் நாளில்தான். மாமியாரை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், சாமி விளக்கு உட்பட எந்தச் சுடரும் அந்த அறையில் வேண்டாம். மெக்கானிக்கும் குழாயில் கேஸ் இருக்கும்போது சுடர் வைத்து அதை ஒட்டக் கூடாது.

மெக்கானிக் வரும்போது

அதே தம்பியையே கூப்பிடலாம். ஆனால் "கேஸ் போடுங்கள்" என்று சொல்லாதீர்கள். "கசிவைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள், தேடுவதற்குத் தனிக்கூலி தருகிறேன்" என்று சொல்லுங்கள். வேலையின் முகமே மாறிவிடும்.

முதலில் கண்ணால் தேடச் சொல்லுங்கள். கேஸ் கசியும் இடத்தில் கூடவே கம்ப்ரெஸர் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறும். அதில் தூசி ஒட்டிக் கருப்புப் பிசுக்காக இருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் வடைச்சட்டி விளிம்பைத் துடைத்ததுபோல வரும். அந்த இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் நான் சந்தேகப்படும் இடங்கள் மூன்று. ஒன்று, உள்ளேயும் வெளியேயும் குழாய்களை இணைக்கும் பித்தளை ஃப்ளேர் நட்டுகள். உள்ளே இருக்கும் இணைப்பு கருப்புப் பஞ்சுறைக்குள் ஒளிந்திருக்கும், உறையைப் பிரிக்காமல் பார்த்தேன் என்றால் பார்க்கவில்லை என்றே பொருள். இரண்டு, கேஸ் ஏற்றும் 'பின்' வால்வு, அதாவது நடுவில் ஊசிபோல ஒரு பின் இருக்கும் வால்வு. ஒவ்வொரு முறை ஹோஸை மாட்டிக் கழற்றும்போதும் அந்தச் சிறிய பின் தேய்கிறது. சைக்கிள் டியூப் வால்வுபோலத்தான். நாற்பது நாள் கணக்கைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் இதன்மேல். மூன்று, அவுட்டோர் காயில். உப்புக்காற்று ஆறு ஆண்டு அடித்த காயிலில் ஊசித்துளை விழுவது திருவான்மியூரில் அதிசயமல்ல. கையால் தொட்டால் அதன் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) அப்பளம்போல நொறுங்குகின்றனவா என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மிச்ச கேஸை எடுத்துவிட்டு, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் சில மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். யாராவது நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் கம்ப்ரெஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் மாட்டிக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுதாக உறிஞ்ச வேண்டும், குறைந்தது அரை மணி நேரம். பம்ப்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதைக்கொண்டே காற்றைத் தள்ளிவிடுவது பழைய குறுக்குவழி. ஆர்-32 இயந்திரங்களின் எண்ணெய் ஈரத்தைக் குடிக்கும் வகை என்பதால் அந்தக் குறுக்குவழி பின்னால் கம்ப்ரெஸரில்தான் போய் முடியும். கடைசியாக, கேஸை எடைபோட்டு ஏற்ற வேண்டும்: சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ளபடி 820 கிராம். பழைய கேஸ் வகையான ஆர்-22 காலத்தில் கேஜ் முள் அறுபது, எழுபதில் நின்றால் போதும் என்று கற்றவர்கள் இன்னும் அதே கண்ணால் பார்க்கிறார்கள். ஆர்-32 ஓடும் அழுத்தம் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. போதாததற்கு இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் முள்ளும் ஆடிக்கொண்டே இருக்கும். தராசு இல்லாமல் வந்தவரிடம் ஏற்ற வேண்டாம். சிலிண்டரின்மேல் ஆர்-32 என்று இருக்கிறதா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள்.

கம்ப்ரெஸர் நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை அதற்குப் பிறகுதான் எழுத முடியும். சரியான எடையில் கேஸ் இருந்து, ஃபில்டர் சுத்தமாக இருந்து, அரை மணி நேரம் ஓடிய பின், ஏ.சி. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் பத்து டிகிரியை ஒட்டி வித்தியாசம் இருந்தால் உங்கள் கம்ப்ரெஸருக்கு ஒரு குறையும் இல்லை. உத்தரவாத அட்டையில் கம்ப்ரெஸருக்குப் பத்து ஆண்டு என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2029 வரை அது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் அட்டையின் சிறிய எழுத்தைப் படியுங்கள்: கேஸ், கூலி, காயில் பெரும்பாலும் அதில் சேராது. வெளி ஆள் குழாயைத் திறந்தார் என்று காரணம் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது.

பணம் திரும்பக் கிடைக்குமா?

நான் பொறியாளன். இந்தப் பகுதியை நுகர்வோர் வழக்கு நடத்தும் நண்பரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கூலி வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை'தான். குறைபாடு இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இரண்டு முட்டுக்கட்டைகள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு கெடு. 2023 ஏப்ரல் செலவு அதைத் தாண்டிவிட்டது. அடுத்தது, உங்களிடம் ஒரு ரசீதுகூட இல்லை. ரசீது தராதது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது, அது உங்களுக்குச் சாதகம். கடைசி இரண்டு தொகையையும் கைபேசி வழியே அனுப்பியதால் அதன் பதிவும் இருக்கும். இருந்தாலும், எட்டு ஆண்டு பழகியவரிடம் 7,300 ரூபாய்க்கு ஆணையம் ஏறுவதைவிட, நாற்பது நாளில் போன கடைசி ஏற்றத்தைச் சுட்டிக்காட்டி, "இந்த முறை கேஸுக்குப் பணம் இல்லை, தேடும் கூலி மட்டும் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். மறுத்தால் அந்தச் செய்தியே உங்கள் முதல் ஆவணம்.

புதிது வாங்குவதா?

கசிவு நட்டிலோ பின் வால்விலோ இருந்தால் புதிது என்ற பேச்சே வேண்டாம். அவுட்டோர் காயிலே அரித்துப்போயிருந்தால் கணக்குப் போட வேண்டும். புதுக் காயிலும் கூலியும் கேஸும் சேர்ந்து, புது ஏ.சி. விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் ஆறு வயது இயந்திரத்தில் அந்தப் பணத்தைப் போடமாட்டேன். இது என் சொந்த அளவுகோல், சட்டமல்ல.

இரண்டு டன் யோசனையை மருமகனிடமே பக்குவமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டன் என்பது ஏ.சி.யின் எடையோ வலிமையோ அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த அளவு. வெப்பத்தை அளக்கும் பி.டி.யு. என்ற அலகில் மணிக்கு 12,000. உங்கள் அறை பன்னிரண்டுக்குப் பதினொன்று அடி, மாடிக்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறது. ஒன்றரை டன்னே தாராளம். அளவுக்கு மீறிய ஏ.சி. அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் போதாது. சென்னையில் பாதி வேதனை வெயிலால், மறுபாதி புழுக்கத்தால். குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்த அறை வயதானவர்களுக்கு நல்லதல்ல. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு காயிலும் காப்பரா, அரிப்பைத் தாங்கும் பூச்சு உண்டா என்று கேளுங்கள். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் லேபிளில் உள்ள ஆண்டையும், மின் சிக்கனத்தைக் காட்டும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், கிடங்கில் தேங்கிய பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து அல்ல.

ரிமோட்டில் 16 என்பது ஆக்ஸிலரேட்டர் இல்லை, சேர வேண்டிய ஊரின் பெயர். கேஸ் இல்லாத இயந்திரம் அந்த ஊருக்குப் போய்ச்சேராமலேயே இரவெல்லாம் ஓடுகிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண விகிதமே வேறு பட்டியலுக்குப் போய்விடுவதால்தான் ரசீது அப்படி எகிறியிருக்கிறது. 2020 ஜனவரி முதல் அறை ஏ.சி.க்கள் 24-ல் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. பழுது சரியான பிறகு மாமியாருக்கு 26 வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள்.

இனி நீங்களே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். மாதம் ஒரு முறை, மின்சாரத்தை முழுதாக அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலின்மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள். "கெமிக்கல் வாஷ்" என்று ஆசிட் அடிக்க விடாதீர்கள். புறாவுக்காக அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிக் கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாயை இன்றே அவிழ்த்துவிடுங்கள், அதற்குப் பதில் வலை போதும். வெளியேற வேண்டிய சூட்டை நீங்களே போர்த்தி வைத்திருக்கிறீர்கள்.

தார்ப்பாயை அவிழ்க்கும்போது, பால்கனித் தரையில் நின்றபடியே, கைப்பிடிச் சுவரில் ஏறாமல், தடித்த குழாய் வந்து சேரும் வால்வைப் பாருங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய மூக்குதான் பின் வால்வு. அதன்மேல் பித்தளை மூடி இருக்க வேண்டும். ஏப்ரலில் கழற்றிய மூடியை அந்தத் தம்பி திரும்பப் போட்டாரா, மூக்கைச் சுற்றிக் கருப்புப் பிசுக்கு இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, மெக்கானிக்குக்கு முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.